ரூம்மேட் ஓகே சொன்னா போலீஸ் உள்ள வரலாமா?

இங்க அமெரிக்கால நாலு பேர் சேர்ந்து ஒரு டூ பெட்ரூம் அபார்ட்மெண்ட் எடுத்து தங்கியிருக்காங்க. போலீஸ் வந்து கதவைத் தட்டுது, கையில வாரண்ட் இல்ல, உள்ள வந்து கொஞ்சம் பாத்துக்கலாமான்னு கேக்கறாங்க. ஒருத்தன் சரிங்கறான், இன்னொருத்தன் முடியாதுங்கறான். யார் பேச்சு எடுபடும்?

ஆபீஸ் லஞ்ச்ல இந்தக் கேள்வி வந்தப்போ ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. லீஸ்ல யார் பேர் முதல்ல இருக்கோ அவர்தான்னு ஒருத்தர், மெஜாரிட்டி எந்தப் பக்கமோ அதான்னு இன்னொருத்தர் (நாம ஓட்டு எண்ணி முடிக்கற வரைக்கும் போலீஸ் வாசல்ல நிக்குமாக்கும்), வாடகை ஜாஸ்தி குடுக்கறவன்தான்னு ஒரு புண்ணியவான். நான் வக்கீல் இல்ல, டேட்டாபேஸ் மேய்க்கற ஆளு, ஆனா அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பெல்லாம் உக்காந்து படிக்கற ஒரு கிறுக்கு ரொம்ப நாளா இருக்கு, அதனால இதுக்கு பதில் தெரியும்னு வாயைத் திறந்தேன், பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள லஞ்ச் டைம் முடிஞ்சிருச்சு. மிச்சத்தை இங்க எழுதறேன். சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு நிஜமா பிரச்சனைன்னா வக்கீலைப் பாருங்க.

அடிப்படை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1791லேர்ந்து இருக்கற ஃபோர்த் அமெண்ட்மெண்ட் (அமெரிக்க அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தம்) வீட்டுக்குள்ள நியாயமில்லாம நுழைஞ்சு சோதனை போடக்கூடாதுங்குது, பொதுவா ஜட்ஜ் கையெழுத்து போட்ட வாரண்ட் வேணும். உள்ள யாரோ அடிபட்டு கிடக்காங்க, தப்பிச்சு ஓடறவனை துரத்திட்டு வர்றாங்கங்கற மாதிரி அவசரம்னா வாரண்ட் தேவையில்ல. அதெல்லாம் இல்லாதப்போ போலீசுக்கு இருக்கற சுலபமான வழி வீட்டுக்காரங்களையே கேட்டுடறது. நீங்களா சரின்னுட்டா வாரண்ட்டும் வேண்டாம், காரணமும் வேண்டாம், சந்தேகம்கூட வேண்டாம். ஜட்ஜ்கிட்ட போய் நின்னு காரணம் சொல்றதுக்கு பதிலா உங்க வாசல்ல நின்னு ஒரு புன்னகையோட ஒரு கேள்வி, அவ்வளவுதான் வேலை.

இப்போ ரூம்மேட் விஷயத்துக்கு வர்றேன். 1974ல மேட்லாக்னு ஒரு கேஸ். விஸ்கான்சின்ல ஒரு பேங்க் கொள்ளை சந்தேகத்துல மேட்லாக்கை வீட்டு முன்னாடியே புடிச்சு போலீஸ் கார்ல உக்கார வெச்சுட்டாங்க. அவர்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, கதவைத் தட்டி கூட இருந்த பெண்கிட்ட கேட்டாங்க, அவங்க விட்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த பெட்ரூம் அலமாரில ஒரு டயபர் பைக்குள்ள 4,995 டாலர் கேஷ். சுப்ரீம் கோர்ட் செல்லும்னுடுச்சு. ஒரே இடத்தை ரெண்டு பேர் சேர்ந்து புழங்கறீங்கன்னா, இன்னொருத்தர் யாரையாவது உள்ள விடலாம்கற ரிஸ்க்கை நீங்களும் ஏத்துக்கிட்டு தானே இருக்கீங்கங்கறது அவங்க வாதம்.

1990ல இதுக்கும் ஒரு படி மேல போனாங்க. சிகாகோல ரோட்ரிகஸ்னு ஒருத்தர், அவர் அபார்ட்மெண்ட்ல அவர் பாட்டுக்கு தூங்கிட்டு இருக்கார். அவர் அடிச்சுட்டார்னு புகார் குடுத்த பெண், எங்க அபார்ட்மெண்ட்னு சொல்லி, கையில இருந்த சாவியைப் போட்டு கதவைத் திறந்து போலீசை உள்ள விட்டாங்க. உள்ள கோகெய்ன். அந்தப் பெண் சில வாரம் முன்னாடியே அந்த வீட்டை விட்டு போயாச்சு, அனுமதி குடுக்கற உரிமையே அவங்களுக்கு இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, உரிமை நிஜமா இருந்துச்சாங்கறது முக்கியம் இல்ல, இருக்குன்னு போலீஸ் நியாயமா நம்பினாங்களா அது போதும்னு. அதாவது உங்க வீட்டு உரிமையை, உரிமையே இல்லாத ஒருத்தர், நம்பற மாதிரி பேசினா போதும், தூக்கிக் குடுத்துடலாம்.

வாடகைக்கு விட்ட ஓனர் சம்மதம் செல்லாது (1961லயே தீர்ப்பு வந்தாச்சு), ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கறவர் சம்மதமும் செல்லாது (1964). உங்க ரூமை நீங்க தனியா பூட்டி வெச்சு புழங்கறீங்கன்னா, ஹால் கிச்சனுக்கு ரூம்மேட் சொல்ற சரி உங்க ரூமுக்கு பொதுவா ஒட்டாது. ஆனா நம்ம பசங்க ஷேரிங்ல ஒரே ரூம்ல ரெண்டு பேர் மூணு பேர்னு மெத்தை போட்டு படுத்துட்டு, யார் சட்டை யார் போட்டிருக்கான்னே தெரியாம இருக்கறதுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் எங்க இருந்து வரும்.

சரி, ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு ஒருத்தர் ஆமா ஒருத்தர் இல்லன்னா? அதான் 2006ல வந்த ராண்டால்ஃப் கேஸ். ஜார்ஜியா மாநிலம் அமெரிக்கஸ்னு ஒரு ஊர், புருஷன் பொண்டாட்டி சண்டை, குழந்தையை எங்கயோ கொண்டுபோய்ட்டார்னு மனைவி போலீசைக் கூப்பிட்டாங்க, வந்த போலீஸ்கிட்ட இவர் போதை மருந்து எடுக்கறார், வீட்டுக்குள்ளயே சாட்சி இருக்குன்னும் சொல்லிட்டாங்க. போலீஸ் கணவர்கிட்ட தேடலாமான்னு கேக்குது, அவரு வக்கீல், முடியவே முடியாதுன்னுட்டாரு. அப்படியே திரும்பி மனைவியைக் கேக்கறாங்க, அவங்க தாராளமான்னு மாடிக்கே கூட்டிட்டு போய்ட்டாங்க. அங்க பவுடர் ஒட்டின ஒரு ஸ்ட்ரா. இதுல எனக்குப் பிடிச்ச இடம், அந்த போலீஸ்காரர் ஸ்ட்ராவைப் போட பை எடுக்க கார் வரைக்கும் போனவர் அரசு வக்கீல் ஆபீசுக்கு போன் போட, அவங்க நிறுத்துய்யா வாரண்ட் வாங்குன்னு சொல்ல, திரும்பி வந்து பாத்தா அந்த அம்மா சம்மதத்தை வாபஸ் வாங்கிட்டாங்க! ஒரு பை எடுத்துட்டு வர்ற நேரத்துல குடும்பம் சேர்ந்துடுச்சோ என்னவோ.

5-3ன்னு தீர்ப்பு, ஜஸ்டிஸ் சூட்டர் எழுதினது. வாசல்ல வந்து நிக்கற விருந்தாளிகிட்ட ஒருத்தர் வாங்கங்கறார், பக்கத்துல நிக்கற இன்னொருத்தர் வராதேங்கறார்னா புத்தி உள்ள எவனும் உள்ள காலை வைக்க மாட்டான், போலீஸ் மட்டும் ஏன் வைக்கணும்னு கேட்டார். ஆக வாசல்ல நின்னு முடியாதுன்னு சொல்றவர் பேச்சுதான் எடுபடும். ஆனா அந்த ஆள் அங்க நேர்ல நிக்கணும், உள்ள ரூம்ல தூங்கிட்டு இருந்தா அவரை எழுப்பி கேக்கற கடமை போலீசுக்கு இல்ல. இது ரொம்ப மெல்லிசான கோடுன்னு சூட்டரே ஒத்துக்கிட்டார்.

மெல்லிசான கோடுன்னா அதுல காலை வெச்சு பாக்க யாராவது வருவாங்க இல்லையா. வந்தாங்க.

2009 அக்டோபர், லாஸ் ஏஞ்சலஸ். ஒரு வழிப்பறி கேஸ்ல ஆளைத் தேடி போலீஸ் ஒரு அபார்ட்மெண்டுக்கு வருது, உள்ளேர்ந்து கத்தல் சத்தம் வேற. கதவைத் தட்டினா கையில குழந்தையோட ஒரு பெண், மூஞ்சி வீங்கியிருக்கு, சட்டைல ரத்தம். பின்னாடியே அந்த வீட்ல அவளோட இருக்கற ஃபெர்னாண்டஸ்னு ஒருத்தன் வந்து நிக்கறான், உள்ள வர உங்களுக்கு உரிமை இல்ல, என் உரிமை எனக்குத் தெரியும்னு கத்தறான். ராண்டால்ஃப் தீர்ப்புப்படி மேட்டர் அங்கயே முடிஞ்சிருக்கணும். போலீஸ் என்ன பண்ணாங்க, அந்தப் பெண்ணை அடிச்சான்னு சந்தேகம் (அடிச்சிருக்கான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல) அப்படின்னு அவனை அரெஸ்ட் பண்ணி கொண்டுபோய்ட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து அந்தப் பெண்கிட்ட கேட்டாங்க, வாயாலயும் எழுத்துலயும் சம்மதம் வாங்கினாங்க, உள்ள போனாங்க. ஒரு கேங்கோட சாமான்கள், கத்தி, தோட்டா, கடைசில குழல் அறுத்த ஷாட்கன், அதை எங்க ஒளிச்சு வெச்சிருக்குன்னு வீட்ல இருந்த சின்னப் பையனே காட்டிக் குடுத்தான். ஃபெர்னாண்டஸுக்கு 14 வருஷம் ஜெயில்.

2014 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் 6-3ன்னு இது செல்லும்னுடுச்சு. ஆள் இப்ப வாசல்ல இல்லையே, அவன் சொன்ன முடியாது அவன்கூடவே போயிடுச்சுங்கற ரீதில. அவனை அங்க இல்லாம பண்ணதே போலீஸ்தானேன்னா, அரெஸ்டுக்கு நியாயமான காரணம் இருந்தா அது ஒரு பொருட்டே இல்லையாம்.

இந்த தீர்ப்பைப் படிச்சா எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குது, அதை மறைக்க விரும்பல. மெஜாரிட்டி தீர்ப்பா ஜஸ்டிஸ் அலிட்டோ எழுதினதுல ஒரு வாதம் நிஜமாவே கனமானது. அந்த வீடு அந்தப் பெண்ணோட வீடும்தான். அடி வாங்கினவ அவ, அவளோட வீட்டுக்குள்ள இவ்வளவு ஆயுதம் கிடக்கு, அதை எடுத்துட்டு போங்கன்னு போலீசைக் கூப்பிட அவளுக்கு உரிமை இல்லையா, அடிச்சவன் ஜெயிலுக்குப் போற வழியில விட்டுட்டு போன ஒரு வார்த்தை அவளை இன்னும் கட்டிப் போடணுமா? நம்ம ஊர்ல எத்தனை வீட்ல அவர் வேண்டாம்னுட்டார்ங்கற ஒத்தை வார்த்தைலயே எல்லாம் முடிஞ்சு போகுதுன்னு நெனச்சா இந்த வாதத்தை தூக்கிப் போட மனசு வராது.

ஆனா இந்தக் கேஸ்ல கேள்வி அவளைக் காப்பாத்தறதா வேண்டாமாங்கறதே இல்ல. அவன் ஸ்டேஷன்ல, அவ பத்திரமா இருக்கா, ரத்தக் காயம் கண்ணு முன்னாடி, வழிப்பறி சந்தேகம் வேற. இந்த அளவுக்கு காரணம் கையில இருந்தா எந்த ஜட்ஜும் வாரண்ட் குடுத்திருப்பார், கலிபோர்னியால போன்லயே வாரண்ட் வாங்க வழி இருக்கு. ஒரு மணி நேரம் இருந்துச்சு, வாங்கல. அந்தப் பெண் சம்மதிச்சதையே எடுத்துக்கோங்க, அடிபட்டு, கைக்குழந்தையோட, இப்பதான் வீட்டு ஆம்பளையை விலங்கு போட்டு கூட்டிட்டு போயிருக்காங்க, எதிர்ல யூனிஃபார்ம்ல போலீஸ், கையில ஒரு ஃபார்ம். அந்த நேரத்துல போட்ட கையெழுத்தை சுதந்திரமான சம்மதம்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. ஜஸ்டிஸ் கின்ஸ்பர்க் எதிர்த்து எழுதினதும் இதத்தான், நேரம் இருந்தும் வாரண்ட் வாங்காம ஒதுங்கிப் போக இந்தத் தீர்ப்பு வழி காட்டுதுன்னு. கூட நின்னவங்க சோட்டோமேயரும் கேகனும். அப்போ கோர்ட்ல இருந்த பெண்கள் மூணு பேருமே அந்தப் பெண்ணோட சம்மதத்தை காரணமா காட்டினதை ஏத்துக்கலங்கறதை நான் சும்மா கவனிச்சு வெச்சிருக்கேன், அதுக்கு மேல அதுல அர்த்தம் தேடல.

எனக்கு இதுல உறுத்தற விஷயமே சம்மதம்னு எதை எடுத்துக்கறாங்கங்கறதுதான். அதுக்கு வேர் 1973ல வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல இருக்கு, அதுவும் நம்மாளுங்க கூட்டமா இருக்கற கலிபோர்னியா சன்னிவேல்ல நடந்த கேஸ். 1970ல ஒரு ராத்திரி ரெண்டு நாப்பது வாக்குல, ஹெட்லைட் ஒண்ணு எரியலன்னு ஒரு காரை சன்னிவேல் போலீஸ் நிறுத்துது, உள்ள ஆறு பேர், தேடலாமான்னு கேக்கவும் ஒருத்தர் தாராளமா பாருங்கன்னுட்டார், பின் சீட்டுக்கு அடில திருட்டு செக். முடியாதுன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்குன்னு போலீஸ் முன்னாடியே சொல்லணுமா? தேவையில்லன்னுச்சு கோர்ட். அரெஸ்ட் பண்ணி விசாரிக்கறப்போ பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்குன்னு மிராண்டா வாசகம் சொல்லணும், சினிமால எல்லாம் பாத்திருப்பீங்க, ஆனா உன் வீட்டுக்குள்ள என்னை விடாம இருக்க உனக்கு உரிமை இருக்குன்னு சொல்ல வேண்டாம். தனக்கு ஒரு உரிமை இருக்குன்னே தெரியாத ஆள் அதை எப்படி விட்டுக்குடுக்க முடியும்னு ஜஸ்டிஸ் தர்குட் மார்ஷல் கேட்டார், ஜனங்களுக்கு விவரம் தெரியாம இருக்கறதை போலீஸ் தனக்கு வசதியா பயன்படுத்திக்க விடறோம்னு நேராவே எழுதினார். அவர் பேச்சு எடுபடல.

பயந்து சொன்ன சரி செல்லாதுன்னும் ஒரு தீர்ப்பு இருக்கு, இல்லாம இல்ல. 1968, நார்த் கரோலினா, மண் ரோட்ல ஒரு மைல் உள்ள தள்ளி தனியா ஒரு வீடு, 66 வயசு கறுப்பின பாட்டி ஒருத்தங்க, வாசல்ல நாலு வெள்ளைக்கார போலீஸ் வந்து எங்ககிட்ட வாரண்ட் இருக்குன்னாங்க, சரி பாத்துக்கோங்கன்னு விட்டுட்டாங்க. கோர்ட்ல வந்ததும் அரசுத் தரப்பு வாரண்ட்டைப் பத்தி பேச்சே எடுக்கல, பாட்டியே சம்மதிச்சாங்கன்னு மட்டும் சொன்னாங்க. வாரண்ட் இருக்குன்னு சொன்னப்புறம் சொல்ற சரி, சம்மதம் இல்ல, அடங்கிப் போறதுன்னு கோர்ட் அதை தள்ளிடுச்சு. ஆனா வாரண்ட்னு வாயால பொய் சொல்லாம, இடுப்புல துப்பாக்கியோட, நின்ன இடத்தை விட்டு நகராம, கொஞ்சம் பாத்துக்கவான்னு மரியாதையா கேட்டா அது சம்மதம் ஆயிடுது. வாசலுக்கு இந்தப் பக்கம் நிக்கற ஆளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்.

2019ல யேல் லா ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. லேபுக்கு வந்த ஆளுங்ககிட்ட உங்க போனை அன்லாக் பண்ணி குடுங்க, வெளிய எடுத்துட்டு போய் பாக்கணும்னு கேட்டிருக்காங்க. 90 சதவீதத்துக்கு மேல குடுத்துட்டாங்க. இதே மாதிரி கேட்டா குடுப்பாங்களான்னு வேற ஆளுங்களைக் கேட்டா, எவன் குடுப்பான்னு பெரும்பாலானவங்க சொல்லியிருக்காங்க. அங்க கேட்டது ஆராய்ச்சி பண்றவங்க, கையில துப்பாக்கி இல்ல. வாசல்ல நின்னு போலீஸ் கேட்டதுக்கு அந்த ஆள் வேணும்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேன்னு ஏர் கண்டிஷன் கோர்ட்ல உக்காந்து யோசிக்கற ஜட்ஜும் இந்த ரெண்டாவது குரூப் மாதிரிதான்.

நம்மாளுங்களுக்கு இது இன்னும் கஷ்டம், ஏன்னா நம்ம ஊர்ல இந்தக் கேள்வியையே யாரும் கேட்டதில்ல. இந்தியாவுல போலீஸ் வீட்டைத் தேட உங்க சம்மதம் ஒரு விஷயமே இல்ல. குற்ற வழக்கு விசாரணை எப்படி நடக்கணும்னு சொல்ற சட்டத்துல, முன்னாடி சிஆர்பிசி 165வது பிரிவு, 2024 ஜூலைலேர்ந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 185வது பிரிவு, வாரண்ட் வாங்கற அளவுக்கு நேரம் இல்லன்னு நம்ப காரணம் இருந்தா விசாரணை அதிகாரி காரணத்தை எழுதி வெச்சுட்டு அவரே தேடலாம். அந்தக் குறிப்பை 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பணும், ஏரியாக்காரங்க ரெண்டு பேராவது சாட்சியா இருக்கணும், இப்போ புதுசா வீடியோவும் எடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல எதையாவது விட்டாங்கன்னா? சோதனை முறையில்லாததுங்கறதுக்காக மட்டும் அதுல கிடைச்ச சாட்சியத்தை தள்ள வேண்டியதில்லன்னு 1974ல பூரண்மல் கேஸ்லயே நம்ம சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இங்க அமெரிக்கால 1961லேர்ந்து எல்லா மாநிலத்துலயும் சட்டவிரோதமா எடுத்த சாட்சியம் பொதுவா செல்லாது, அதனாலதான் சம்மதம் இருந்துச்சா இல்லையான்னு இவ்வளவு மண்டையை உடைச்சுக்கறாங்க. ரவுடி லிஸ்ட்ல பேர் இருக்கறவன் வீட்டுக் கதவை நடுராத்திரில போய் தட்டற வழக்கத்தை 1962லயே காரக் சிங் கேஸ்ல செல்லாதுன்னாங்க, அதெல்லாம் நம்ம ஊர் ஏட்டய்யாவுக்கு யாராவது சொல்லியிருந்தா சரி.

அப்படி ஒரு ஊர்ல வளர்ந்துட்டு, இங்க வந்து, காக்கி கலரு மாறி நீலமா நிக்கறப்போ மட்டும் நோ சார்னு வாய் எப்படி வரும். அதுக்கு மேல விசா பயம் வேற, எதையாவது சொல்லி கேஸாயிட்டா பாஸ்போர்ட்ல விசா குத்தற ஸ்டாம்பிங்ல மாட்டுமோன்னு. ஒளிக்க என்ன இருக்கு, பாத்துட்டு போகட்டுமேன்னு நிறைய பேர் சொல்றாங்க. உங்ககிட்ட ஒண்ணும் இல்ல சரி, போன மாசம் வந்து தங்கிட்டு போன ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் சோஃபா இடுக்குல எதை விட்டுட்டு போனான்னு உங்களுக்குத் தெரியுமா?

எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லங்கறதும் தெரிஞ்சுக்கோங்க. நியூஜெர்சில 1975லேர்ந்தே, முடியாதுன்னு சொல்லலாம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசுத் தரப்புதான் நிரூபிக்கணும். வாஷிங்டன் மாநிலத்துல (சியாட்டில் பக்கம் இருக்கறவங்க கேட்டுக்கோங்க) வாரண்ட் இல்லாம தேடறதுக்கு சம்மதம் கேட்டு வீட்டுக்கு வந்தா, மறுக்கலாம், பாதில நிறுத்தலாம், இந்த ரூம் மட்டும்னு சொல்லலாம்கற மூணையும் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே போலீஸ் சொல்லணும்னு 1998லேர்ந்து இருக்கு. அங்கெல்லாம் போலீஸ் வேலை ஒண்ணும் நின்னு போயிடல. எல்லா மாநிலத்துலயும் அந்த ஒரு வரியைச் சொல்ல வெச்சா என்ன குறைஞ்சு போகும்னுதான் எனக்குப் புரியல.

நடைமுறைல நான் வெச்சிருக்கறது சிம்பிள். கதவைத் திறக்காமயே பேசலாம், இல்லன்னா வெளிய வந்து பின்னாடி கதவைச் சாத்திட்டு பேசலாம். வாரண்ட் இருக்கான்னு கேக்கணும், இருந்தா ஜட்ஜ் கையெழுத்தும் நம்ம அட்ரஸும் இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா, ஐ டோண்ட் கன்சென்ட் டு எனி சர்ச், அவ்வளவுதான், குரலை உயர்த்தாம. அதையும் மீறி உள்ள வந்தா கை வெச்சு தடுக்கவே கூடாது, சம்மதம் இல்லன்னு இன்னொரு தரம் சொல்லிட்டு ஒதுங்கி நிக்கணும், மிச்சத்தை கோர்ட்ல பாத்துக்கலாம். ஒரு தரம் சரின்னுட்டாலும் வாபஸ் வாங்கலாம், அந்த ஜார்ஜியா அம்மா மாதிரி. இமிக்ரேஷன் ஆளுங்க கொண்டு வர்ற பேப்பர் வேற கதை, அதுக்கு தனியா எழுதறேன்.

ஷேரிங்ல இருக்கற பசங்க இதை முன்னாடியே ஒருத்தருக்கொருத்தர் பேசி வெச்சுக்கோங்க. குடும்பமா இருக்கறவங்களுக்கு பிரச்சனை ரூம்மேட் இல்ல, ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கற அப்பா அம்மா. நாம ரெண்டு பேரும் ஆபீஸ், வீட்ல பேரனைப் பாத்துக்கற பாட்டி மட்டும். கதவைத் தட்டினா அவங்கதான் திறப்பாங்க, இந்த வீட்டுப் பெரியவங்க, உள்ள விட உரிமை இருக்குன்னு போலீஸ் நம்பறதுல ஒரு தப்பும் இருக்காது, ரோட்ரிகஸ் கேஸ் அங்க வந்து நிக்கும். எங்கம்மாகிட்ட இதைச் சொல்லி, யார் வந்தாலும் மை சன், போன்னு சொல்லி எனக்கு கால் பண்ணுங்க, உள்ள கூப்பிடாதீங்கன்னு ஒரு சாயங்காலம் பூரா ட்ரெயினிங் குடுத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, வீட்டு வாசல் வரைக்கும் வந்தவரை ஒரு தண்ணி கூட குடுக்காம எப்படிப்பா நிக்க வெக்கறது, ஜனவரில வந்தா என்ன பண்றதுன்னு கேட்டாங்க. தண்ணியை வெளிய கொண்டுபோய் குடுங்கம்மான்னேன். யோசிச்சு சொல்றேன்னுட்டு போய்ட்டாங்க.